வாங்கும்போதே ரெண்டாவது சமையலை யோசி

தங்கச்சி,

காய் விலை ஏறிப்போச்சு, சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துபோகுது, மாசக் கடைசியில கையைப் பிசையறேன்னு போன்ல புலம்பின இல்ல? எல்லாம் சரிதான். ஆனா உன் சமையக்கட்டுக் குப்பைக் கூடையை ஒருநாள் கவிழ்த்துப் பாரு. பீர்க்கங்காய்த் தோல், முள்ளங்கிக் கீரை, கொத்தமல்லிக் காம்பு, ராத்திரி மிஞ்சின சோறு, ஒரு கிண்ணம் சாம்பார். இங்க நம்ம ஊர் பெருமுக்கல்ல அதுல முக்கால்வாசி மறுநாள் அடுப்புல ஏறியிருக்கும்.

சிக்கனம்னா குறைச்சுச் சாப்பிடறது இல்ல. ஒரு பொருளை வாங்கும்போதே அதோட ரெண்டாவது சமையல் என்னன்னு முடிவு பண்ணிடணும். மிஞ்சின பிறகு யோசிக்கிறவங்க வீட்டுல அது ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு வாரம் குடியிருந்துட்டு அப்புறம் குப்பைக்குத்தான் போகும். காய்க்காரர்கிட்ட நிக்கும்போதே மனசுல கணக்குப் போட்டுடு. முள்ளங்கிக் கீரையைக் கிள்ளிப் போட்டுட்டுக் கிழங்கை மட்டும் எடை போடறாரா, "கீரையோட குடுங்கண்ணா"ன்னு கேளு. சும்மாவே தருவாரு. கிழங்கு இன்னைக்கு சாம்பாருக்கு, கீரை நாளைக்குப் பாசிப்பருப்பு போட்டுப் பொரியலுக்கு.

பீர்க்கங்காய்க்கும் அதே கணக்குதான். மேல இருக்கிற முரட்டு நரம்பை மட்டும் சீவி எறிஞ்சுடு, அது நாரு. அடுத்து வர்ற பச்சைத் தோலைத் தனியா எடுத்து வை. ரெண்டு ஸ்பூன் எண்ணெயில உளுத்தம்பருப்பு, காஞ்ச மிளகா வறுத்து எடுத்துட்டு, அதே சட்டியில தோலைப் போட்டு சுருண்டு வர்ற வரைக்கும் வதக்கு. புளி, உப்பு வெச்சு கரகரப்பா அரைச்சுக்கோ. உள்ள இருந்த காயில செஞ்ச கூட்டை விட இந்தத் துவையல்தான் முதல்ல காலியாகும். தோல் முத்திப்போயிருந்தா மட்டும் விட்டுடு. எவ்வளவு வதக்கினாலும் வாய்ல சக்கையா நிக்கும்.

தர்பூசணி காலத்துல திண்டிவனம், மரக்காணம் ரோட்டோரமெல்லாம் குவிச்சு வெச்சிருப்பாங்களே, அதுல சிவப்பைத் தின்னுட்டு மத்ததைத் தூக்கிப் போடறோம். காசு குடுத்து வாங்கின எடையில கணிசமான பங்கு அந்த வெள்ளைச் சதைதான். வெளிப் பச்சைத் தோலை அழுத்திச் சீவிட்டு, வெள்ளையைச் சின்னதா நறுக்கிப் பாசிப்பருப்போட வேகவெச்சு, தேங்காயும் சீரகமும் அரைச்சு ஊத்து. சொல்லாம பரிமாறினா சுரைக்காய்க் கூட்டுன்னுதான் நினைப்பாங்க. உன் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடிச்ச பிறகு சொல்லு.

மல்லாட்டை

இதைப் பத்தி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன். மல்லாட்டை ஊர்ல பிறந்துட்டு நீ சூப்பர் மார்க்கெட்ல வேர்க்கடலைன்னு சின்னச் சின்ன பாக்கெட்டா வாங்கறது எனக்குப் பொறுக்கல. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7னு பல மாநிலத்துல விதைச்ச மல்லாட்டை ரகங்க இருக்கே, அந்த டி.எம்.வி. நம்ம திண்டிவனம்தான். அங்க இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்துல இருந்து போனது அதெல்லாம். அதனால மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை வர்ற பருவத்துல ஊருக்கு வந்தா காயாவே வாங்கிட்டுப் போ. தோலோட இருந்தா மாசக்கணக்குல கெடாது. உடைச்ச பருப்புதான் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வேணுங்கிறப்போ டிவி பார்த்துக்கிட்டே உரிச்சுக்கலாம்.

வயல்ல புடுங்கின பச்சைக்காய் கிடைச்சா மண் போகக் கழுவி, உப்பு போட்டு வேகவை. ஒரே உட்காரல்ல தின்னு தீராது. மிஞ்சினதை உரிச்சு வெச்சுக்கிட்டா மறுநாள் கத்திரிக்காய்ப் புளிக்குழம்புல கடைசியா போடலாம், முட்டைகோஸ் பொரியல்லயும் போடலாம். தனியா சுண்டல் தாளிக்கணும்னு அவசியம் இல்ல.

தேங்காய் விலை ஏறிக் கிடக்கிற நாள்ல குழம்புக்கு என்ன அரைக்கிறதுன்னு முழிக்காத. ஒரு கைப்பிடி மல்லாட்டையை மிதமான தீயில, உள்ள வரைக்கும் வறுபடற மாதிரி நிதானமா வறு. பெருந்தீயில வறுத்தா மேல கருகி உள்ள பச்சையா இருக்கும், குழம்புல பச்சை வாடை தூக்கும். ஆறினதும் கையால தேய்ச்சு ஊதிட்டு, நைசா அரைச்சுக் குழம்பு கொதிச்ச பிறகு ஊத்து. ஒரே கொதி போதும். ரொம்ப நேரம் கொதிக்கவிட்டா எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கும், குழம்பு அடியும் பிடிக்கும். சட்னிக்கு அரைக்கிறப்போ தோல் முழுசா போகணும்னு மல்லுக்கட்டாத. கொஞ்சம் இருந்தா நெறமும் ருசியும் கூடத்தான் வரும்.

செக்குல ஆட்டிக்கலாம்னு நினைச்சா இந்தக் கணக்கைத் தெரிஞ்சுக்கோ. மல்லாட்டைப் பருப்புல எண்ணெய் பாதிக்குக் கொஞ்சம் குறைவா இருக்கும், செக்கு அதை முழுசா எடுத்துடாது. ஒரு லிட்டருக்கு சுமார் ரெண்டரை கிலோ பருப்பு பிடிக்கும். பருப்பு விலை, ஆட்டுக்கூலி ரெண்டையும் கூட்டு, புண்ணாக்கு வித்த காசைக் கழி, அப்புறம் கடை விலையோட ஒப்பிட்டுப் பாரு. "செக்கு எண்ணெய்"னு ஒருத்தர் பருப்பு விலைக்கும் கீழ வித்தா அதுல என்ன கலந்திருக்குன்னு நீயே யோசிச்சுக்கோ. ஆட்டின எண்ணெயை அகலப் பாத்திரத்துல ஊத்தித் தெளியவிட்டு, மேலாக்க இறுத்து, வெளிச்சம் படாத இடத்துல வை.

இதுல ஒரு விஷயத்துல மட்டும் சிக்கனம் பார்க்காத. கறுத்தது, சுருங்கினது, பச்சையா பூசணம் பூத்தது, வாயில போட்டா கசக்கறது, இதையெல்லாம் பொறுக்கி எறிஞ்சுடு. சில பேரு "எண்ணெய்க்குத்தானே, ஆட்டிடலாம்"னு அதையும் சேர்த்துக் கொண்டுபோவாங்க, இல்லன்னா மாட்டுக்குப் போட்டுடுவாங்க. 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழி திடீர்னு செத்துப்போச்சு. தேடிப் பார்த்தா, பிரேசில்ல இருந்து தீவனத்துக்கு வந்த மல்லாட்டைப் புண்ணாக்குல பூசணம். அந்தப் பூசணம் விடற நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின்னு பேரு வெச்சாங்க. அது ஈரலுக்கு எமன். வறுத்தாலும் வேகவெச்சாலும் முழுசா போகாது. மாடு தின்னா பால்லயும் இறங்கும். ஈரத்தோட மூட்டை கட்டினா அந்தப் பூசணம் பெருகும். அதனாலதான் நம்ம ஆயா காயைக் குலுக்கிப் பார்த்து, உள்ள கடகடன்னு சத்தம் கேட்டாத்தான் உள்ள எடுத்து வைக்கும். நீயும் குலுக்கிப் பார்த்து வாங்கு.

சோறு, கழுநீர், கஞ்சி

அரிசி கழுவற முதல் தண்ணியைச் செடிக்கு ஊத்து. ரெண்டாவது தண்ணியைப் புளி ஊறவைக்க எடுத்துக்கோ. வத்தக்குழம்பு கொஞ்சம் கெட்டியா வரும். கருவாடு அலசறதுக்கும் கழுநீர்தான் நல்லது, கவிச்சி குறையும். குக்கர்ல வைக்கிறவங்களுக்கு வடிகஞ்சி கிடையாது. வாரத்துல ஒருநாளாவது பானையில வடிச்சுப் பாரு. அந்தக் கஞ்சியில உப்பும் மோரும் போட்டுக் குடிக்கலாம், பருத்திப் புடவைக்குப் போடலாம்.

பழைய சோறுன்னா உனக்கு இப்போ பயம். பாதி நியாயமான பயம்தான். சோத்துல பாசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி உண்டு, அதோட வித்து வேகவெச்சாலும் சாகாது. மத்தியானம் வடிச்ச சோத்தைச் சூடோட மூடி ராத்திரி வரைக்கும் மேடையில வெச்சிருந்தா அது பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அதனால தண்ணி ஊத்தறதுன்னா ராத்திரிக்குன்னு வடிச்ச சோத்துல ஊத்து. தட்டுல பரப்பி ஆறவிட்டு, உடனே மண்சட்டியில போட்டு, முழுகற அளவுக்கு நல்ல தண்ணி ஊத்தி வை. ராத்திரியில அது புளிக்கும், அந்தப் புளிப்பு கெட்ட கிருமி பெருகறதைக் குறைக்கும். காலையில லேசான புளிப்பு வாடை வரணும். நூல் இழுத்தாலோ, வேற நாத்தம் வந்தாலோ கொட்டிடு. மத்தியானச் சோறு மிஞ்சினா ஆறினதும் ஃப்ரிட்ஜுல வெச்சு, மறுநாள் புளிக்காய்ச்சல் கலந்துக்கோ. கல்யாண வீட்டு பிரியாணி மிஞ்சினா அதுல தண்ணி ஊத்தி சோதனையெல்லாம் பண்ணாத.

கேழ்வரகுக் களிக்கும் இந்த வழக்கம்தான். ராத்திரி களி மிஞ்சினா உருண்டையாவே தண்ணியில போட்டு வை. காலையில கையால கரைச்சு, மோர், உப்பு, சின்ன வெங்காயம் போட்டா கூழு தயார். ஆடி மாசத்துக்குக் காத்திருக்க வேணாம்.

மிஞ்சின குழம்பு

சாம்பாரையும் காரக்குழம்பையும் ஒண்ணா ஊத்தாம தனித்தனியா வை. மிஞ்சின புளிக்குழம்பை மறுநாள் மண்சட்டியில ஊத்தி, சின்னத் தீயில சுண்டவிடு. தண்ணி வத்தி, ஓரத்துல எண்ணெய் கசிஞ்சு, கரண்டியில எடுத்தா சொட்டாம நிக்கணும். பழைய சோத்துக்குப் பக்கத்துல இதை ஒரு ஓரமா வெச்சுக்கிட்டா வேற தொட்டுக்கை தேவையே இல்ல. முதல்நாளே உப்பைக் கொஞ்சம் அடக்கிப் போடு. சுண்டச் சுண்ட உப்பு ஏறும், அங்கதான் பல பேரு கோட்டை விடறாங்க. தேங்காய் அரைச்ச குழம்பை மட்டும் இப்படி வைக்காத, சீக்கிரம் ஊசிப்போயிடும்.

மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்புக்கு வேற விதி. அது வெச்ச அன்னைக்கு நல்லாவே இருக்காதுன்னு நான் சொல்லுவேன். ராத்திரி வெச்சு காலையில சாப்பிடணும். மரக்காணம் பக்கத்துக் குப்பங்கள்ல இருந்து வர்ற கருவாட்டை வாங்கறப்போ முறிச்சுப் பாரு. வளைஞ்சு குடுத்தா சரியா காயல, சீக்கிரம் புழு வைக்கும். டக்குன்னு முறியணும். வாங்கினதை ஒருநாள் வெயில்ல காட்டி, காத்துப் புகாத டப்பாவுல வை. அடுக்குமாடியில அக்கம்பக்கத்துக்குப் பயந்து நீ கருவாடே வாங்கறது இல்லன்னு அம்மா சொல்லிச்சு. ஊர்லயே கழுவி, எண்ணெயில மொறுமொறுன்னு வறுத்து, காஞ்ச மிளகா பூண்டோட பொடிச்சுத் தர்றேன். சூடான சோத்துல போட்டுக்கோ, வாடை கதவைத் தாண்டாது.

உப்பையும் இங்கயே சொல்லிடறேன். மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பை ஊறுகாய்க்கும் கருவாடு அலசவும் வெச்சுக்கோ. தினசரி சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்புதான். அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்குன்னு விக்கிறதை 2006லயே நாடு முழுக்கத் தடை பண்ணிட்டாங்க. நீ மாசமா இருக்கிறப்போ இது இன்னும் முக்கியம். உப்பு ஜாடியை அடுப்புப் பக்கத்துல திறந்து வைக்காத.

வடகம்

சின்ன வெங்காயம் மலிவா இறங்கற சமயமும் கத்திரி வெயிலும் சேர்ந்து வந்தா விட்டுடாத. நம்ம விழுப்புரம், கடலூர், புதுச்சேரி பக்கத்துச் சமையலோட வாசனையே தாளிப்பு வடகம்தான். ஒருதரம் போட்டா வருஷம் பூராவும் வெங்காயம் உரிக்கிற வேலை பாதியாயிடும்.

ஒரு கிலோ சின்ன வெங்காயத்துக்கு 150 கிராம் பூண்டு, 100 கிராம் உடைச்ச கறுப்பு உளுந்து, 50 கிராம் கடுகு, 50 கிராம் சீரகம், 25 கிராம் வெந்தயம், ரெண்டு ஸ்பூன் மஞ்சள்தூள், ரெண்டு கைப்பிடி கறிவேப்பிலை, கல்லுப்பு. வெங்காயத்தையும் பூண்டையும் உரல்ல ஒண்ணு ரெண்டா இடி. மிக்ஸின்னா நிறுத்தி நிறுத்தி ரெண்டே சுத்து. கூழாக்கிட்டா வடகம் இல்ல, சட்னி. உளுந்தை ஒரு மணி நேரம் ஊறவெச்சுத் தண்ணியை வடிச்சுட்டுச் சேர்த்துக்கோ. எல்லாத்தையும் உப்பு மஞ்சளோட பிசைஞ்சு ஒரு ராத்திரி மூடி வை.

மறுநாள் பார்த்தா தண்ணி விட்டிருக்கும். அதைக் கொட்டிடாத, சாரமே அதுலதான் இருக்கு. கலவையைப் பிழிஞ்சு எலுமிச்சை அளவு உருண்டை பிடிச்சு வெயில்ல வை. சாயங்காலம் உருண்டையை உதிர்த்து மறுபடி அந்தத் தண்ணியிலயே போட்டுப் பிசை. தண்ணி மொத்தமும் உள்ள இழுத்துக்கிற வரைக்கும் தினம் இதே வேலை. அப்புறம் கையில விளக்கெண்ணெய் தொட்டுக்கிட்டு இறுக்கி உருட்டி, கல்லு மாதிரி ஆகற வரைக்கும் காயவிடு. வெயில் சரியா அடிச்சா ரெண்டு வாரம். விளக்கெண்ணெய்க்கு பதிலா வேற எண்ணெய் போடலாமான்னு கேக்காத. பூச்சி அண்டாம இருக்கிறதே அதாலதான், வாசனைக்கும் அதுதான் காரணம்.

மொட்டை மாடி இல்லாதவங்க அரைக் கிலோ அளவுல போட்டு, எவர்சில்வர் தட்டுல வெச்சு, மேல கொசுவலைத் துணி கட்டி பால்கனியில வைக்கலாம். இரும்புத் தட்டு வேணாம், உப்பு அரிச்சுடும். மழை பேஞ்சு நடுவுல ஈரம் தட்டினா பூசணம் வரும், அப்படி வந்த உருண்டையைத் தயங்காம எறி.

குழம்பு இறக்கறப்போ ஒரு சின்ன உருண்டையில கால்வாசி உதிர்த்து, காஞ்ச எண்ணெயில போட்டு நல்லா சிவக்கவிட்டுக் கொட்டு. அன்னைக்குக் கடுகு, வெங்காயம், பூண்டு எதுவுமே தாளிக்க வேணாம். மசியல் கீரை, கருவாட்டுக் குழம்பு, தேங்காய்த் துவையல் எல்லாத்துக்கும் ஒத்துப்போகும். சாம்பாருக்கு எனக்குப் பிடிக்காது. ஆனா அம்மா அதுலயும் போடும்.

மிச்சம் மீதி

முருங்கைக்கீரை உருவ நேரம் இல்லன்னா கொத்தை ராத்திரி துணியில இறுக்கிச் சுத்தி வை. காலையில உதறினா இலை தானா கொட்டும். ஈர்க்கைத் தட்டி ரசத்துல போட்டுக் கொதிக்கவிட்டு எடுத்துடு.

கொத்தமல்லிக் காம்பும் ரசத்துக்குத்தான். இலையை விட வாசனை தூக்கும்.

புளியை முதல்தரம் கெட்டியா கரைச்சுக் குழம்புக்கு, ரெண்டாந்தரம் ரசத்துக்கு. அதுக்கப்புறம் இருக்கிற சக்கையில உப்பு சேர்த்துப் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்.

இட்லி மாவு மூணாம் நாள் தோசை, அதுக்கப்புறம் வெங்காயம் பச்சைமிளகா போட்டுக் குழிப்பணியாரம். ரொம்பப் புளிச்சுட்டா ஒரு கை ரவையோ கேழ்வரகு மாவோ கலந்துக்கோ. ஆப்ப சோடா போட்டு ஏமாத்தாத.

புளிச்ச மோரை மோர்க்குழம்புக்கு எடுத்து வை. பால் திரிஞ்சுபோச்சுன்னா, வாடை கெடாம இருந்தா, வடிகட்டி வெங்காயம் தக்காளியோட பொடிமாஸ் மாதிரி வதக்கிடு. பிரிஞ்ச தண்ணியில சப்பாத்தி மாவு பிசை.

துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவெச்சு குக்கர்ல வை, முழுசா வேகறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அடுப்பை அணைச்சுடு, மிச்சம் உள்ள இருக்கிற ஆவியிலயே வெந்துடும். சிலிண்டர் சீக்கிரம் தீருதுன்னு சொன்னியே, முதல்ல அங்க கை வை.

வடை சுட்ட எண்ணெயை மட்டும் திரும்பத் திரும்பக் காய்ச்சாத. அப்படிக் காய்ஞ்ச எண்ணெய்க்கு 2018ல இருந்து ஹோட்டல்காரங்களுக்கே அளவு நிர்ணயிச்சிருக்காங்க. வடிகட்டி ஒரு தாளிப்புக்கோ ரெண்டு தாளிப்புக்கோ தீர்த்துடு. பச்சை பாரிச்ச உருளைக்கிழங்கு, ஒரு ஓரம் பூசணம் பிடிச்ச பிரெட், கறுத்த தேங்காய் மூடி இதுக்கெல்லாம் ரெண்டாவது சமையல் கிடையாது. நம்ம வயிறு என்ன குப்பைத்தொட்டியா?

இந்தச் சித்திரையில நாங்க வடகம் போடறோம். லீவு கிடைச்சா ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு, வெங்காயம் உரிக்க ஆள் வேணும். வரும்போது மூடி இறுக்கமா இருக்கிற கண்ணாடி ஜாடி ரெண்டு எடுத்துக்கிட்டு வா. பிளாஸ்டிக் டப்பா எடுத்துட்டு வந்தா அப்புறம் அந்த டப்பாவுல வேற எதையும் வைக்க முடியாது.